பழைய ஃபோர் வீல் வாங்கப்போகும் தம்பிக்கு

தம்பி, முதலில் அந்தக் கைப்பேசியைக் கவிழ்த்து வை. அதில் ஓடும் ஆஸ்திரேலியக் காணொளியை இன்னொரு நாள் பார்க்கலாம். செம்மண் வெளி, கோடு போட்டதுபோல் சாலை, பின்னால் ஒரு வீட்டையே இழுத்துப்போகும் லேண்ட் குரூசர், அந்த வீட்டுக்குள் கட்டில், அடுப்பு, குளியலறை. எனக்கும் ஆசைதான். ஆனால் அந்தக் கேரவன் அந்த நாட்டு தூரத்துக்காகச் செய்தது. ஒரு கடை தாண்டினால் அடுத்த கடைக்கு அரை நாள் ஓட்டவேண்டிய ஊரில் வீட்டை முதுகில் கட்டிக்கொண்டு போவது நியாயம். நம் பேராக்கில் எந்தக் காட்டு ஓரத்திலிருந்தும் ஒரு ரொட்டிச்சானாய்க் கடைக்குத் திரும்ப அவ்வளவு நேரமாகாது. நம் காட்டுத் தடங்களும் அந்த அகலத்துக்கு வெட்டப்பட்டவை அல்ல. செம்பனைத் தோட்டத்து உள்சாலையில் எதிரே ஒரு லாரி வந்தால் ஹைலக்ஸே கால்வாயோரம் ஒதுங்கவேண்டும். பின்னால் கேரவன் மாட்டியிருந்தால் பின்னோக்கி எடுப்பது யார்?

இழுத்துப்போகும் கேரவன் இங்கே கிடைக்கவே கிடைக்காது என்று சொல்லவில்லை. கிடைக்கும், குறைவாக. இழுவண்டியும் சாலைப் போக்குவரத்து இலாகாவில் (ஜேபிஜே) தனி வண்டியாகப் பதிந்து, ‘டி’ எழுத்தும் ஒரு சாய்கோடும் முன்னால் வரும் தனி எண்ணோடுதான் ஓடவேண்டும். எண் இல்லாமல், “அதெல்லாம் யாரும் கேட்கமாட்டாங்க அண்ணே” என்று சொல்லி விற்கிறவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்காமல் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடு.

இரண்டாவது வகை, பழைய வேனைப் பிரித்துக் கட்டில் போட்டது. நீ ஞாயிற்றுக்கிழமை தெலுக் பாத்திக் கடற்கரைக்கோ லாத்தா கிஞ்சாங் அருவிக்கோ போய் ஓர் இரவு தங்கித் திரும்பப்போகிறவன் என்றால் இதுவே போதும். உண்மையைச் சொன்னால் ஃபோர் வீல் வாங்குகிறவர்களில் பாதிப்பேர் போகிற இடத்துக்கெல்லாம் சின்ன மைவி காரே போகும். இருக்கையைக் கழற்றியது, கூரையைத் துளைத்தது, எரிவாயு அடுப்பு வைத்தது எல்லாமே வண்டியின் அமைப்பை மாற்றியதாகத்தான் ஜேபிஜே பார்க்கும். அனுமதித் தாள் இருக்கிறதா என்று மட்டும் கேள்.

ஆனால் நீ சொன்ன இடங்கள் வேறு. சுங்கை சிப்புட்டிலிருந்து லாசா தாண்டி கோல மூ வரை. கோப்பேங்கிலிருந்து உலு கெரோ. அப்பா பிறந்த தோட்டத்தின் பழைய லயம் இருந்த இடம். இப்போது அங்கே செம்பனை நிற்கிறது, மழை பெய்தால் சாலையே இல்லை. அதற்கு மூன்றாவது வகைதான் சரி. பழைய ஃபோர் வீல் பிக்கப், பின்னால் கேனப்பி அல்லது மேலே மடிப்புக் கூடாரம். நம் ஊரின் காட்டுக் கேரவன் இதுதான். இனிமேல் பேசுவதெல்லாம் இதைப் பற்றி.

டீ ஆறுகிறது, குடி.

பழைய ஃபோர் வீலில் எல்லாரும் முதலில் கேட்பது எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று. நான் முதலில் கேட்பது என்ன சுமந்தது என்று. மீட்டரைத் திருப்பலாம், சீட்டுக்குப் புது உறை போடலாம், பெயிண்ட் அடித்து மெழுகு தேய்க்கலாம். சுமந்த சுமை மட்டும் வண்டியின் அடியில் எழுதியிருக்கும். பேராக்கில் ஒரு பிக்கப் என்னென்ன சுமந்திருக்கும் என்று தெரிந்தால் அந்த எழுத்தைப் படித்துவிடலாம்.

ரப்பர் இந்த மாநிலத்துக்கு வந்தது 1877-இல். அந்த ஆண்டு நட்ட மரம் ஒன்று கோலகங்சாரில் இன்னும் நிற்கிறது. ஃபோர் வீல் வர அதன்பின் எழுபது ஆண்டு ஆயிற்று. 1948 ஏப்ரலில் லேண்ட்ரோவர் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதன்முதலாக வெளிவந்தது. அதே ஆண்டு ஜூன் 16-ஆம் தேதி சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக்கொல்லப்பட, அவசரகாலம் பிறந்தது. அதன்பிறகு துரைமார் இரும்புத்தகடு அடித்த வண்டிகளில் வெட்டு பார்க்கப் போனார்கள். ராணுவம் லேண்ட்ரோவரில் அலைந்தது. தைப்பிங்கில் மேக்ஸ்வெல் மலைக்கு அரசாங்க லேண்ட்ரோவரில் மட்டும்தான் ஏறமுடியும் என்ற ஏற்பாடு நெடுங்காலம் இருந்தது. கேமரன் மலையில் காய்கறி சுமக்கும் கிழட்டு லேண்ட்ரோவர்களை நீயே பார்த்திருப்பாய். அந்த வண்டிகள் நீடித்ததற்கு ஒரு காரணம் உண்டு. அவற்றின் மேல்கூடு அலுமினியம், துருப்பிடிக்காது. ஆனால் அடியிலிருக்கும் சேசிஸ் இரும்புதான். அது அழுகியதும் கதை முடிந்தது. ஹைலக்ஸுக்கும் ட்ரைட்டனுக்கும் டி-மேக்ஸுக்கும் அந்தப் பாடம் அப்படியே பொருந்தும். இவையெல்லாம் ஏணி மாதிரியான இரும்புச் சட்டத்தின்மேல் உட்கார்ந்திருப்பவை. எஞ்சினை மாற்றலாம், கியர்பாக்ஸை மாற்றலாம். சேசிஸை மாற்றினால் அது வேறு வண்டி. ஜேபிஜேயும் அப்படித்தான் சொல்லும், ஏனென்றால் அந்த வண்டியின் அடையாள எண்ணே அதில்தான் அடித்திருக்கிறது.

சுமைக்கு வருவோம். சிறுதோட்டக்காரரிடம் இருந்த பிக்கப் என்றால் ஒட்டுப்பாலும் கட்டிப்பாலும் சுமந்திருக்கும். பால் உறைய ஆசிட் ஊற்றுவார்கள். கட்டிப்பாலிலிருந்து வடியும் அந்த நாற்றத் தண்ணீர் புளிப்பானது. பின்தட்டின் மூலையில் தேங்கி, ஓட்டை வழியாகச் சேசிஸின் மேல் சொட்டும். தட்டின் ரப்பர் விரிப்பைத் தூக்கிப் பார். விரிப்புக்கு அடியில் இரும்பு பொரிப்பொரியாக எழும்பியிருந்தால், அதற்கு நேர் கீழேயும் போய்ப் பார்க்கவேண்டும்.

ரப்பர் போய் செம்பனை வந்தபிறகு இதைவிடப் பெரிய எதிரி வந்தது: உரம். செம்பனைக்குப் பொட்டாஷ் உரமும் அம்மோனியம் சல்பேட்டும் மூட்டை மூட்டையாகப் போகும். பொட்டாஷ் என்று நாம் சொல்வது பொட்டாசியம் குளோரைடு, உப்புக்குச் சொந்தக்காரன். மூட்டை கிழிந்து கொட்டிய உரம் ஈரத்தோடு சேர்ந்தால் கடல் தண்ணீர் செய்யும் வேலையைத்தான் செய்யும். கடலையே பார்க்காத, சிலிம் ரிவர் உள்ளே ஓடிய பிக்கப், கோல செப்பேத்தாங்கில் மீன்கூடை ஏற்றிய பிக்கப்பைவிட மோசமாகத் துருப்பிடித்திருப்பது இதனால்தான். “தோட்டத்து வண்டி, மேனேஜர் மட்டும் ஓட்டினது” என்று விற்பவர் சொன்னால் சந்தோஷப்படாதே. மேனேஜருக்கு முன்னால் யார் ஓட்டினார்கள், மேனேஜருக்குப் பின்னால் யாரிடம் போனது என்று கேள். மேனேஜர் ஓட்டிய வண்டி ஐந்தாறு ஆண்டில் மண்டோரிடம் இறங்கும், பிறகு உரக்கொட்டகைக்குப் போகும்.

சரி, எப்படிப் பார்ப்பது? மழையில்லாத காலைப் பொழுதில் போ. பழைய சட்டை போட்டுக்கொள். ஒரு டார்ச், ஒரு சின்ன சுத்தியல், ஒரு ஸ்குரூடிரைவர், ஒரு அட்டைப்பெட்டி. அட்டையைத் தரையில் விரித்து வண்டிக்கு அடியில் பின்பக்கமாகப் படு. விற்பவர் முகத்தைப் பார்க்காதே. உனக்கு வெட்கமாக இருக்கும், அதைத்தான் அவர் எதிர்பார்க்கிறார்.

பின் ஆக்சிலுக்கு மேலே சேசிஸ் வளைந்து ஏறி இறங்கும். அந்த வளைவின் மேல்தட்டு சேறு தங்கும் இடம். அங்கே விரலை விட்டுத் தடவு. அடுத்து, லீஃப் ஸ்பிரிங் தொங்கும் கொக்கிகள் வெல்டிங் ஆன இடம். அதற்கடுத்து, உபரிச் சக்கரத்துக்கு மேலே குறுக்கே போகும் சட்டம். உபரிச் சக்கரத்தை இறக்காமல் அதைப் பார்க்கமுடியாது, ஆகையால் இறக்கச் சொல். சேசிஸ் பெட்டிக்குழாய் மாதிரி உள்ளே வெற்று. அடியில் தண்ணீர் வடிய ஓட்டைகள் உண்டு. ஓட்டையில் ஸ்குரூடிரைவரை விட்டுக் கிளறு. காய்ந்த செம்மண் கொட்டினால் பரவாயில்லை, நம் ஊரில் எல்லா வண்டியிலும் கொட்டும். செதில் செதிலாகத் துரு கொட்டினால் உள்ளிருந்து அரித்திருக்கிறது என்று அர்த்தம்.

பிறகு சுத்தியல். பலமாக அடிக்காதே, கைமுட்டியால் கதவைத் தட்டும் அளவுக்கு, ஒரு சாண் விட்டு ஒரு சாண். நல்ல இரும்பு கணீரென்று பேசும். அரித்த இடம் மந்தமாக ‘தப்’ என்று சொல்லும். இரண்டு மூன்று இடத்தில் சத்தம் மாறினால் போதும், எழுந்து சட்டையைத் தட்டிக்கொள். அடி முழுதும் பளபளவென்று புதுக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் எனக்குச் சந்தேகம் கூடும். விற்பதற்கு ஒரு வாரம் முன்னால் வண்டியின் அடிவயிற்றுக்கு அலங்காரம் செய்கிறவன் எதையோ மூடுகிறான்.

அடியில் படுத்திருக்கும்போதே இன்னொரு வேலை. முன் ஆக்சிலிலும் பின் ஆக்சிலிலும் நடுவே உருண்டையாக இருப்பது டிஃபரன்ஷியல். அதன் பக்கவாட்டில் எண்ணெய் ஊற்றும் மூடி இருக்கும். பட்டறைப் போமனை அழைத்துப் போயிருந்தால், “அண்ணே, இந்த மூடியைக் கொஞ்சம் கழற்றிக் காட்டுங்க” என்று சொல். விரலை விட்டு எடுக்கட்டும். எண்ணெய் தெளிவாக, பழுப்பாகவோ கறுப்பாகவோ இருந்தால் சரி. பால் ஊற்றிய டீ மாதிரி கலங்கி வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. சூடான ஆக்சில் ஆற்றில் இறங்கும்போது சட்டென்று குளிர்ந்து, காற்றோடு தண்ணீரையும் உறிஞ்சிக்கொள்ளும். அதைத் தடுக்க ஆக்சிலிலிருந்து மேலே ஒரு சின்னக் காற்றுக்குழாய் போகும். அது அடைத்தோ அறுந்தோ இருந்தால் இப்படி ஆகும். எண்ணெய் மாற்றினால் சரியாகிவிடும் என்பார்கள். எத்தனை நாளாகத் தண்ணீரோடு ஓடியது என்று யாருக்குத் தெரியும்? பேரிங் அரித்திருந்தால் ஓட்டும்போது ஊளைச் சத்தம் வரும். அறுபதில் ஓட்டிப் பார்த்துக் கேள்.

எஞ்சினைப் பற்றி நான் நீட்டமாட்டேன். அதைப் பார்க்க ஆள் இருக்கிறது, இருநூறு வெள்ளி கொடுத்தாலும் நஷ்டமில்லை. நீ தெரிந்துகொள்ள வேண்டியது சில. 2005 முதல் 2015 வரை வந்த ஹைலக்ஸ் வீகோவில் 2.5, 3.0 டீசல் எஞ்சின்கள் டைமிங் பெல்ட்டில் ஓடுபவை. 2016-இல் வந்த ரெவோவின் 2.4-உம் 2.8-உம் செயினுக்கு மாறின. டி-மேக்ஸின் 3.0 செயின். அக்காலத்து ட்ரைட்டன் 2.5 பெல்ட். பெல்ட் என்றால் 100,000-க்கும் 150,000 கிலோமீட்டருக்கும் இடையே மாற்றியே ஆகவேண்டும். மாற்றியதற்கு ரசீது கேள். ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கணக்குப் போட்டு அந்தச் செலவை விலையில் கழி. டீசலில் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். அதன்பிறகு அது ரிப்பேர் கணக்கில் வராது.

வீகோ எஞ்சினில் இன்னொன்று. எரிபொருள் பீய்ச்சும் இன்ஜெக்டர் உட்காரும் இடத்தில் செம்பு வளையம் உண்டு. அது கசிந்தால் எரிந்த புகை எண்ணெய்க்குள் இறங்கி, எண்ணெயைத் தார்போல் கெட்டியாக்கி, அடித்தொட்டியில் எண்ணெய் உறிஞ்சும் வலையை அடைத்துவிடும். வெளியில் ஒன்றும் தெரியாது. ஒரு நாள் எண்ணெய் விளக்கு எரியும், அவ்வளவுதான். எஞ்சின் ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைக் கழற்றிப் பார். புகை தொடர்ந்து பீறிட்டால் போமன் சொல்வதைக் கேள். உள்ளே மெழுகு மாதிரி படிந்த கரியைப் பார்த்தாலும் அப்படியே. காலையில் முதல் தடவை முடுக்கும்போது நீ அங்கே இருக்கவேண்டும். போவதற்கு முன் தொலைபேசியில், “வண்டியைச் சூடாக்கி வைக்காதீங்க” என்று சொல்லிவிட்டுப் போ. போனதும் எஞ்சின் மூடியைத் தொட்டுப் பார்.

நான்கு சக்கரமும் இழுக்கிறதா என்பதைத் தார்ச்சாலையில் சோதிக்காதே. இந்த வகைப் பிக்கப்பில் முன் ஆக்சிலையும் பின் ஆக்சிலையும் சேர்த்துப் பூட்டுகிறோம். தாரில் திரும்பும்போது சக்கரங்கள் வழுக்க இடமில்லாமல் உள்ளுக்குள் முறுக்கிக்கொள்ளும், பற்சக்கரம் பாடுபடும். விற்பவர் தாரிலேயே போட்டுக் காட்டினால் அதையே அவர் பல ஆண்டாகச் செய்திருக்கிறார் என்று எடுத்துக்கொள். பக்கத்துத் தோட்டச் சாலையிலோ பழைய ஈயலம்பத்து மணல் வெளியிலோ போ. ஹெச்-4 போட்டு மெதுவாக எட்டு எழுது. நிறுத்தி, கியரை நடுவில் வைத்து, எல்-4 போடு. மாட்டேன் என்று அடம்பிடித்தால் அந்தப் பெட்டி பல ஆண்டாகத் தூங்கியிருக்கிறது. ஓடாத ஃபோர் வீல் நல்ல ஃபோர் வீல் என்று ஒரு நம்பிக்கை உண்டு. எனக்கு அது இல்லை. மாதம் ஒரு முறையாவது போட்டு ஓட்டிய பெட்டிதான் காட்டில் உதவும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் ஒரு முட்டை வட்டத்துக்குள் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் செய்தது. பட்டை ஆழமாக இருந்தாலும் ஏழெட்டு வயது ஆன ரப்பர் வெயிலில் இறுகியிருக்கும். ரப்பர் மாநிலத்துக்காரனுக்கு இதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

அடுத்து நீ வீடு கட்டப்போகிற கதை. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள், விற்பவரிடம் அல்ல, தங்களிடமே. வண்டியின் பத்திரத்தில் சுமையில்லா எடை, சுமையோடு எடை என்று இரண்டு எண் இருக்கும். மலாய்ச் சுருக்கத்தில் இரண்டும் ‘பிடிஎம்’ என்றே காதில் விழும், சுமையில்லாததை ‘தான்பா’ என்றும் சுமையோடு உள்ளதை ‘டெங்கான்’ என்றும் பிரித்துக் கேட்டுக்கொள். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழி. மிஞ்சுவதுதான் உன் வரவுசெலவுத் திட்டம். ஆள் நால்வர், சுமாராக 280 கிலோ. தண்ணீர் 40 லிட்டர், 40 கிலோ. மடிப்புக் கூடாரம் 60 கிலோவாவது வரும். கேனப்பி, இரும்பு பம்பர், வின்ச், இரண்டாம் பேட்டரி, குளிர்பெட்டி, உன் மனைவியின் சமையல் சாமான். கழித்துக்கொண்டே வந்தால் வண்டியை ஏற்கெனவே அலங்கரித்து வாங்கினவனுக்குத் துணிமணிக்குக்கூட இடமிருக்காது. பின்னால் ஸ்பிரிங் தட்டையாகிப்போன வண்டிகளை ஈப்போ சாலையில் தினமும் பார்க்கலாம். மூக்கு வானத்தைப் பார்க்க, விளக்கு எதிர் வண்டிக்காரன் கண்ணில் அடிக்க.

கூடாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கூரைக் கம்பி தாங்கும் எடை இரண்டு வகை. நின்றால் ஒன்று, ஓடினால் ஒன்று. நிற்கும்போது நீங்கள் இருவரும் ஏறிப் படுத்தாலும் தாங்கும் கம்பி, சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜாவுக்கு ஏறும் வளைவுகளில் அதே எடையைத் தாங்காது. ஓடும்போதைய எண்ணைத் தயாரிப்பாளர் புத்தகத்தில் பார்த்துப் பொருத்து. ஃபைபர் கேனப்பியின் தலையில் ஏற்றுவதைவிடப் பின்தட்டில் போல்ட் போட்டு எழுப்பிய தாழ்வான சட்டத்தில் வைப்பது எனக்குப் பிடிக்கும். எடை கீழே இருந்தால் சாய்வில் பயம் குறையும்.

கேனப்பியோ வேனோ, தண்ணீர் கசிகிறதா என்று பார்க்காமல் வாங்காதே. தைப்பிங்கில் ஆண்டுக்கு ஏறக்குறைய 4,000 மில்லிமீட்டர் மழை. ஈப்போவும் ஒன்றும் வறண்ட ஊரில்லை. தோட்டக் குழாயைப் பிடித்துச் சன்னல் ரப்பர், கூரை இணைப்பு, பின்கதவு எல்லாம் பத்து நிமிடம் நனை. பிறகு உள்ளே ஏறி மூலைகளைக் கையால் அழுத்து. பலகைச் சுவர் கையோடு அமுங்கினால் உள்ளே உளுத்திருக்கிறது. மெத்தையைத் தூக்கி முகர்ந்து பார். பூஞ்சண வாசனையை எந்த வாசனைத் திரவியமும் முழுதாக மறைக்காது.

வெள்ளத்தில் முங்கிய வண்டி வேறு கணக்கு. 2021 டிசம்பரில் ஷா ஆலாம் முங்கியபோது எத்தனை வண்டிகள் தண்ணீரில் கிடந்தன என்று படம் பார்த்தோம். அப்படி முங்கியவை எல்லாமே பழைய இரும்புக் கடைக்குப் போகும் என்று நினைக்காதே. துடைத்துக் கழுவி வேறு ஊரில் விற்க வருவதும் உண்டு. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழு. சுருளின் உள்பகுதியில் ஒரு சேற்றுக்கோடு இருந்தால் தண்ணீர் அந்த உயரத்துக்கு வந்தது. சீட்டின் அடித் தண்டவாளத்தில் துரு, விரிப்புக்கு அடியில் நுண்மண், விளக்குக் கண்ணாடிக்குள் மங்கல். ஒன்று இருந்தால் தற்செயல் எனலாம். மூன்றும் இருந்தால் கிளம்பு.

இனிப் பத்திரம். பல பிக்கப்புகளில் முன் வலது சக்கரத்தை ஒட்டிய சேசிஸ் பகுதியில் எண் அடித்திருக்கும். கம்பித் தூரிகையால் தேய்த்து, பத்திரத்திலுள்ள எண்ணோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பார். எழுத்து மேடுபள்ளமாக, சுற்றிலும் வெல்டிங் தடத்தோடு இருந்தால் உடனே விலகு. அது போலீஸ் வேலை. எஞ்சின் எண்ணும் அப்படியே. ஹாஃப்-கட் கடையிலிருந்து எஞ்சின் மாற்றியிருந்தால் தவறில்லை, ஜேபிஜேயில் பதிந்திருக்கவேண்டும். பெயர் மாற்றப் புஸ்பாகோம் போன்ற வண்டிச் சோதனை மையத்தில் பி-5 சோதனை. வங்கிக் கடன் போட்டால் பி-7. இதைப் புரிந்துகொள்: பி-5 என்பது முக்கியமாக இது அந்த வண்டிதானா என்று பார்க்கிற சோதனை. எஞ்சின் எத்தனை நாள் ஓடும் என்று அது சொல்லாது. “பி-5 பாஸ் அண்ணே, கண்ணை மூடிட்டு வாங்குங்க” என்பது வியாபாரப் பேச்சு. உயர்த்திய சஸ்பென்ஷன், அகலச் சக்கரம், முன்கம்பி எல்லாம் அதில் மாட்டக்கூடும். கழற்றி அசலை மாட்டும் செலவு யாருடையது என்று முன்னாலேயே பேசு.

பழைய முதலாளியின் வங்கி உரிமை நீங்கியதா, சம்மன் பாக்கி இருக்கிறதா, தடைப்பட்டியலில் இருக்கிறதா, மூன்றையும் முன்பணம் கொடுப்பதற்கு முன் பார். தோட்டக் கம்பெனி பெயரில் இருக்கும் வண்டியென்றால் கம்பெனியின் எஸ்எஸ்எம் பதிவு ஆவணமும் கையொப்பமிட அதிகாரம் பெற்றவரும் வேண்டும். “துரை ஊரில் இல்லை, அப்புறம் போட்டுத் தருவார்” என்றால் பணமும் அப்புறம். காப்புறுதியில் என்சிடி, அதாவது இழப்பீடு கோராததற்கான கழிவு, ஆளுடையது, வண்டியுடையதல்ல. விற்பவரின் 55 விழுக்காட்டை நம்பிக் கணக்குப் போடாதே. வெள்ளத்துக்குத் தனிப் பாதுகாப்புச் சேர்த்துக்கொள், ஆற்றோரம் தங்கப்போகிறவன் நீ. டீசல் கணக்கையும் மறுபடி போடு. 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து 3.35-க்குப் போனதிலிருந்து அது பழைய கணக்கல்ல. தகுதி இருந்தால் புடி மடானி உதவித்தொகைக்கு மனுப் போடலாம். அது கிடைக்கும் என்று வைத்து வண்டி வாங்காதே.

விலை பேசும்போது உன் தாளில் எழுதி வைத்த குறைகளை வரிசையாகச் சொல், ஒவ்வொன்றுக்கும் போமன் சொன்ன தொகையைச் சொல், உன் விலையைச் சொல், பிறகு வாயை மூடு. பேசிக்கொண்டே இருந்தால் நீயே ஏற்றிக்கொண்டு போவாய். கையிலிருக்கும் மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தொடாமல் வை. எல்லா எண்ணெயும், பெல்ட்டும், டயரும், பிரேக்கும் முதல் மாதத்திலேயே கேட்கும்.

வாங்கியபிறகு? எங்கே தங்குவது என்பதும் வண்டியைப்போலவே பார்த்துச் செய்யவேண்டியது. 2022 டிசம்பர் 16 அதிகாலை பத்தாங் காலியில் மலை சரிந்து முகாமில் தூங்கிய 31 பேர் இறந்தார்கள். அன்று அவர்கள் தலைக்குமேல் சாலையோரச் சரிவு இருந்தது. சரிவுக்குக் கீழே, அருவிக்கு நேரே, ஆற்று மணல் திட்டின்மேல் கூடாரம் விரிக்காதே. நீ இருக்கும் இடத்தில் மழையே இல்லாவிட்டாலும் மேலே மலையில் பெய்த மழை கெபாலா ஆயராக, திடீர் ஆற்று வெள்ளமாக, வரும். தண்ணீர் திடீரென்று கலங்கினால், இலையும் குச்சியும் வந்தால், சாமானை விட்டுவிட்டு மேலே ஏறு. வனக்காப்பகத்துக்குள் போக மாநில வனத்துறையின் அனுமதி வேண்டும். கோல மூ பக்கம் தெமியார் மக்களின் ஊர்கள். அவர்கள் வாசலில் நிறுத்துவதற்கு முன் ஊர்த் தலைவரிடம் கேள். மழை என்று கண்ணாடிகளை ஏற்றிவிட்டு எஞ்சினையும் ஏசியையும் ஓடவிட்டுத் தூங்காதே. கேனப்பிக்குள் அடுப்பு பற்றவைக்காதே. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

முதல் இரவு உன் வீட்டு முற்றத்திலேயே படு, மழை பெய்கிற இரவாகப் பார்த்து. எது ஒழுகுகிறது, எது குத்துகிறது, காற்று எங்கே வரவில்லை, கொசு எங்கே வருகிறது என்று அங்கேயே தெரியும், கழிப்பறையும் பக்கத்தில். அதன்பிறகு உலு கெரோ போ, உள்ளே போவதற்கு முன் கோப்பேங்கில் நிறுத்திச் சக்கர நட்டுகளை இன்னொரு முறை இறுக்கு. திரும்பி வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் குழாயை எடுத்து அடியைக் கழுவு, அந்த வடிகால் ஓட்டைகளில் தண்ணீர் தெளிவாக வரும்வரை.